போன் போடாத கடை

"அந்தப் பிள்ளை டாக்டருக்குப் போன் போட்டுட்டா, மேடம்" என்றார் சேர்மக்கனி.

"சரி" என்றார் ஹபீபா.

"என்ன சரி? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. கடையில எட்டுப் பேர் நிக்கும்போது."

"உக்காருங்க அண்ணாச்சி."

சேர்மக்கனி உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதைச் சொல்லத்தான் உங்கள் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னாலேயே கல்லூரிக்கு வந்தேன் என்றார்.

சாதாரணத் தாள்தான். ஆனால் ஒரு பெண்ணின் வேலை அதில் இருந்தது.

பிரிசில்லா ஹபீபாவின் கல்லூரியில் மருந்தியல் படித்த பெண். படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு மருந்துக் கடையில் மூன்று மாதம் நின்று பழக வேண்டும். சாத்தூரில் சேர்மக்கனியின் கடையில் நின்றாள். தாளில் அவர் கையெழுத்து விழுந்தால் பயிற்சி முடிந்தது. பயிற்சி முடிந்தால்தான் மருந்தாளுநர் என்று பதிவு செய்ய முடியும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்காக ஒரு இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது, அதுவும் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

கையெழுத்து இல்லையென்றால் இன்னொரு கடை, இன்னொரு மூன்று மாதம். மதுரை வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

ஹபீபா தாளைத் தொடவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

*

நடந்ததைச் சொல்வதற்கு முன் சேர்மக்கனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெறும் கோபக்காரராகத் தெரிவார்.

சாத்தூரில் இருபத்தாறு வருடமாகக் கடை. கொரோனா சமயத்தில் ஊரே கதவடைத்தபோது ஒரு நாள்கூட ஷட்டரை இறக்காத மனிதர். மற்ற கடைகளில் படிக்க முடியாத மருந்துச் சீட்டெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வரும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், ஒரே ஒரு பார்வை பார்ப்பார், மாத்திரையை எடுக்கக் கை போய்விடும்.

எந்த டாக்டருக்கும் அவர் போன் போட்டுக் கேட்டதில்லை. ஒரு தடவைகூட. அதை அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பாடம் நடத்துவது சுலபமா? ஹபீபாவுக்கு அதுதான் வேலை.

கல்லூரியில் ஹபீபா மாணவர்களுக்கு மட்டும் டீச்சர் இல்லை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சுற்றுவட்டாரத்து மருந்துக் கடைக்காரர்கள் பதினெட்டுப் பேர் அவரிடம் வந்தார்கள். தங்கள் கடைக்கு வரும் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கற்றுக்கொள்ள. சேர்மக்கனியைவிட அவர் எட்டு வயது இளையவர். கடையநல்லூரில் பதினோரு வருடம் மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நின்றவர் என்பதால் மட்டும் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள்.

முதல் வகுப்பில் அவர் ஒன்றுமே சொல்லித் தரவில்லை. ஒரு மாத்திரை அட்டையையும் கத்தரிக்கோலையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"பத்து மாத்திரை அட்டை. எனக்கு ஆறு வேணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க. சொன்னதை மட்டும் செய்வேன்."

"வெட்டுங்க" என்றார் சேர்மக்கனி.

ஹபீபா வெட்டினார். ஒரு மாத்திரை இரண்டாகப் போனது.

"அங்க இல்ல மேடம்."

"எங்க?"

"நடுவுல."

இன்னொரு மாத்திரை இரண்டாகப் போனது. மேசையெல்லாம் வெள்ளைப் பொடி. பதினெட்டுப் பேரும் எழுந்து நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏழாவது ஆள்தான், முதலில் அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி எந்த ஓரத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அந்த ஓரத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து வெட்ட வேண்டும் என்றார். வாங்கிப் போகிறவருக்கு மருந்தின் பெயர் வேண்டாமா என்று ஒருவர் கேட்க, அதில் ஒரு மணி நேரம் போனது.

தினமும் ஐம்பது தடவை செய்கிற வேலை. கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று நன்றாகச் சிரித்தவர்களில் சேர்மக்கனியும் ஒருவர். இது நாலாவது மாதம். கடைசி வகுப்பு. இன்று அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

*

வியாழக்கிழமை சாயங்காலம் பேச்சியம்மாள் என்ற அம்மாள் டாக்டர் தேவசகாயத்தின் சீட்டோடு வந்தாராம். தேவசகாயம் கைராசிக்காரர், ஆனால் எழுத்து கோழி கிண்டின மாதிரி. சீட்டைப் பிரிசில்லா வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் என்று இன்னொன்று. முதல் எழுத்தும் ஒன்று, கடைசி எழுத்தும் ஒன்று. இரண்டிலும் பத்து மில்லிகிராம் உண்டு. நடுவில் இருப்பதை டாக்டர் ஒரே இழுப்பாக இழுத்திருந்தார்.

சேர்மக்கனி எட்டிப் பார்த்து, அம்லோடிபின் எடு என்றார்.

அவள் எடுக்கவில்லை. சீட்டின் மேலே இருந்த எண்ணைப் பார்த்து, கவுன்ட்டரில் கிடந்த போனை எடுத்து அழுத்திவிட்டாள்.

டாக்டர் சொன்னதும் அதே அம்லோடிபின்தான். அதோடு விடவில்லை. 'அண்ணாச்சி பக்கத்துல இல்லியாம்மா? அவர்கிட்ட கேட்டாப் போதுமே' என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் எட்டுப் பேருக்கும் கேட்டது.

"அப்ப நீங்க படிச்சதுதான் சரி" என்றார் ஹபீபா.

"பெறவு?"

"அவ மன்னிப்புக் கேட்டாளா?"

"அதான் இல்லையே. தப்பு செஞ்சிருந்தா கேப்பேன் சார்ங்குதா." சேர்மக்கனி மேசையில் கிடந்த தாளைத் தட்டிக் காட்டினார். "இருபத்தாறு வருஷம் மேடம். ஒரே நிமிஷத்துல தெருவுல போட்டுட்டா."

போனைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டதாகவும், அவள் இன்னும் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள், ஆனால் தான் அவளோடு பேசுவதில்லை என்றும் சொன்னார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். மாணவர்கள் உட்காரும் பெஞ்சு. எல்லாருக்கும் முட்டி இடித்தது.

*

ஹபீபா ஒரு சின்னத் தாளை எடுத்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பேனாவால் ஏதோ எழுதினார். சேர்மக்கனியிடம் நீட்டினார்.

"இதைப் படிங்க அண்ணாச்சி."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஒரே பார்வை.

"மெட்ஃபார்மின் ஐநூறு. சுகர் மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"இதுல பாக்க என்ன இருக்கு?"

தாள் பக்கத்தில் போனது. விளாத்திகுளம் தங்கமாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெட்ஃபார்மின் இல்லை, வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே மெட்ரோனிடசோல், அது என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் மருந்து சரி, ஐநூறு இல்லை, நானூறு என்றார். மூன்றாவது பெஞ்சில் சண்டையே வந்துவிட்டது. தாள் பதினெட்டுப் பேர் கையிலும் சுற்றி, எட்டு விதமான மருந்தாகி, மேசைக்குத் திரும்பி வந்தது.

"எது சரி மேடம்?" என்று தங்கமாரி கேட்டார்.

"எதுவும் இல்ல" என்றார் ஹபீபா. "பேனா எழுதுதான்னு பாத்தேன்."

கூடமே அதிரும்படி சிரித்தார்கள். ஆளுக்கொரு மருந்தைப் படித்தவர்கள் ஆயிற்றே, யாரும் யாரையும் கேலி செய்ய முடியவில்லை.

சேர்மக்கனி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏமாத்திட்டீங்க" என்றார்.

"ஆமா. மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி."

"நான் வெறும் தாளைப் படிக்கிறவன் இல்ல மேடம்."

"வேற என்ன படிப்பீங்க? பேச்சியம்மா சீட்டுல என்ன படிச்சீங்க?"

அவர் எழுந்து நின்றார். முதலில் கோபமாகத்தான் சொன்னார். போகப் போகக் கோபம் எங்கேயோ போய்விட்டது.

பேச்சியம்மாள் ஆறு வருடமாக வருகிறவர். அன்று சீட்டை வலது கையில் நீட்டினார், இடது கையில் காலி அட்டை ஒன்றைச் சுருட்டிப் பிடித்திருந்தார். அது அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம். போன மாதம் வந்தபோது காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்றும், கொதிப்பு இறங்காவிட்டால் மாத்திரையைக் கூட்டுவேன் என்று டாக்டர் சொன்னதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தேவசகாயம் டாக்டர் நரம்பு மாத்திரை எழுதினால் பக்கத்தில் 'படுக்கும்போது' என்று தமிழில் எழுதுவார். அன்றைய சீட்டில் தமிழே இல்லை.

இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். இப்படி ஒரு மனிதர் தங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தக் கூடத்துக்கே பெருமையாக இருந்தது. ஹபீபாவுக்கும்தான். அவர் அதை மறைக்கவில்லை.

"அண்ணாச்சி, இதை எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல" என்றார்.

சேர்மக்கனி மெல்ல உட்கார்ந்தார்.

"இதுல எதைப் பிரிசில்லாகிட்ட சொன்னீங்க?"

"அவ கேக்கல."

"கேட்டாளே" என்றார் ஹபீபா. "டாக்டர்கிட்ட."

வகுப்பு வேறு எங்கோ போய்விட்டது. யாரோ ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் அடுக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் சேர்மக்கனியின் குரல் கேட்டது.

"எங்கிட்டயும் கேட்டா மேடம். சேந்த முதல் வாரம். எப்படி சார் தெரியுதுன்னு கேட்டா. ரெண்டு தடவை."

என்ன பதில் சொன்னீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. போகப் போகத் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார். அங்கே இருந்த எல்லாருமே யாருக்காவது அதைச் சொன்னவர்கள்தான்.

கிளம்பும்போது மேசையில் கிடந்த தாளைக் கையில் எடுத்தார்.

"இப்ப நான் கையெழுத்துப் போடணுமா?"

"உங்க கடையில நான் நிக்கல அண்ணாச்சி. நீங்கதான நிக்கிறீங்க."

தாள் மறுபடியும் நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போனது.

*

திங்கட்கிழமை பிரிசில்லா சரியான நேரத்துக்கு வந்தாள். கையெழுத்து கிடைக்காது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அம்மா, பெரியவர்தானே, ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்து நின்றாள்.

முதல் சீட்டு வந்தது.

"இங்க வா" என்றார் சேர்மக்கனி.

நாலு நாளைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"இது எனக்கு எப்படித் தெரியுதுன்னா..." என்று ஆரம்பித்தார். அப்படியே நின்றுவிட்டார். எப்படித் தெரிகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. வாங்க வந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இவர் எந்த டாக்டரிடம் போகிறவர், அந்த டாக்டர் எதை எப்படி எழுதுவார், போன தடவை என்ன வாங்கினார், முகம் எப்படி இருக்கிறது. பேச்சியம்மாளின் காலி அட்டையைப் பற்றியும் சொன்னார். கையில் பழைய அட்டை இருக்கிறதா என்று முதலில் கேள், சீட்டை அப்புறம் படி என்றார்.

மத்தியானத்துக்குள் இருபது சீட்டு போனது. பதினேழுக்கு அவரால் காரணம் சொல்ல முடிந்தது. மூன்றுக்கு முடியவில்லை. அந்த மூன்றையும் அவர் சரியாகத்தான் படித்திருந்தார், ஆனால் எதை வைத்து என்று தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் இந்த மாதிரிச் சீட்டு எத்தனை போயிருக்கும் என்று நினைத்தார். அவரிடம் வந்து யாரும் குறை சொன்னதில்லை. திரும்பி வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

ஒரு மணி வாக்கில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். அப்பாவுக்கு மாத்திரை. தேவசகாயம் டாக்டர் சீட்டு. அப்பா வரவில்லை, எட்டயபுரத்தில் படுத்திருக்கிறார்.

சேர்மக்கனி கண்ணாடியை ஏற்றினார். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

கை போகவில்லை. எப்படித் தெரிந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பார்த்த முகம் இல்லை, போன மாதம் வாங்கிய ஆள் இல்லை, ஒன்றுமே இல்லை. சீட்டைப் பிரிசில்லாவிடம் நீட்டினார்.

அவள் அதைப் படிக்கவில்லை. அப்பா இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அட்டை ஏதாவது இருக்கிறதா என்று அந்த மனிதரிடம் கேட்டாள். அவர் பையைத் துழாவி ஒரு அட்டையை எடுத்தார். கோவில்பட்டியில் வேறொரு டாக்டர் கொடுத்தது என்றார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் சீட்டைப் பார்த்தாள்.

அந்த அட்டையைக் கேட்க சேர்மக்கனிக்குத் தோன்றவில்லை. சீட்டுதான் படித்தாகிவிட்டதே.

"சார், எனக்கு இது உறுதியாத் தெரியல" என்றாள். அவ்வளவுதான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போன் இருக்கும் டிராயரையும் பார்க்கவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி, நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்லிருங்க, பஸ்ஸு போயிரும் என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

சேர்மக்கனி டிராயரைத் திறந்தார். போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நம்பர் சீட்டு மேல இருக்கு" என்றார்.

அவள் ஸ்பீக்கரைப் போட்டு எண்களை அழுத்தினாள். நோயாளியின் பெயரையும் வயதையும் சொன்னாள். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் டாக்டர் என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள்.

சேர்மக்கனி மனசுக்குள் படித்த அதே மருந்து. இந்தத் தடவையும் அவர்தான் சரி. ஏனோ அதில் அவருக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை.

பிரிசில்லா போனை வைக்கவில்லை. கையிலிருந்த பழைய அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"டாக்டர், இவங்க அப்பா ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிடுறாங்க. கம்பெனி வேற, பேர் வேற, உள்ள இருக்குறது நீங்க இப்ப சொன்ன மருந்துதான். ரெண்டையும் சாப்பிடணுமா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

பழையதை நிறுத்தச் சொல்லும்மா, இது மட்டும் போதும், ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது என்றார் டாக்டர். பிறகு, அண்ணாச்சி இருந்தால் கொடு என்றார்.

வந்தவர் அந்தப் பழைய அட்டையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பதாக இருந்தேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

சேர்மக்கனி போனை வாங்கித் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். கை சட்டைப் பைக்குப் போனது.

"என்ன அண்ணாச்சி" என்றார் தேவசகாயம். "ஒரு வாரத்துக்குள்ள ரெண்டு தடவை ஆச்சு. உங்க கடையில இருந்து போனே வராதே. யாரு அந்தப் பொண்ணு?"

ஸ்பீக்கர் அணைக்கப்படவில்லை. கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

சேர்மக்கனி தாளைக் கவுன்ட்டரில் விரித்து நீவிவிட்டு, தன் பெயரைக் கோழி கிண்டாமல் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்கும் வரை டாக்டரைக் காக்க வைத்தார்.

"நம்ம கடை பார்மசிஸ்ட், டாக்டர்" என்றார். "நாளைக்கும் போடுவா."